தாடையில் முளைக்கும் எலும்பு: தீங்கற்ற கட்டிகளின் எல்லைகள் வரையப்பட்ட வரலாறு

உடலின் மற்ற எலும்புகளுக்கு இல்லாத ஒரு வேலை தாடைக்கு உண்டு. அது பல்லைத் தாங்க வேண்டும். பல்வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம், அதைச் சுற்றியுள்ள எலும்பு, இரண்டையும் பிணைக்கும் மெல்லிய இழைநார் ஆகிய மூன்றும் ஒரு விரற்கடைக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த இழைநாரில் உள்ள உயிரணுக்களால் சிமென்டத்தையும் உண்டாக்க முடியும், எலும்பையும் உண்டாக்க முடியும். இதனால் தாடையில் ஒரு திரட்சி தோன்றி அது கடினப்படத் தொடங்கினால் மருத்துவருக்குப் பல கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. அது எந்தத் திசுவிலிருந்து கிளம்பியது? வளர்ந்துகொண்டே போகுமா, ஓர் அளவோடு நின்றுவிடுமா? அகற்ற வேண்டுமா, தொடாமல் விடலாமா?

நுண்ணோக்கியின் கீழ் இவற்றுள் பல ஒன்றுபோலவே தெரிகின்றன. இயல்பான எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசு நிறைந்திருக்கும். அதனுள் எலும்புத் துணுக்குகளோ உருண்டையான சுண்ண மணிகளோ சிதறிக் கிடக்கும். ஒரே தோற்றத்துக்குப் பின்னால் உண்மையான கட்டியும் இருக்கலாம், எலும்பின் வளர்ச்சிக் குறைபாடும் இருக்கலாம், வயதோடு தானே முதிர்ந்து அடங்கிவிடும் மாற்றமும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றில் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். திசுத்துண்டு ஒன்றே போதும் என்று நம்பிய காலங்களில் வகைப்பாடு குழம்பியது, நோயாளிகள் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளானார்கள். நோயாளியின் வயது, கட்டியின் இடம், ஊடுகதிர்ப் படம், அறுவையின்போது கட்டி பிரிந்துவந்த விதம் ஆகியவற்றைத் திசுவோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது.

மென்சல் முதல் மாண்ட்கொமரி வரை

கீழ்த்தாடையில் வளர்ந்த இத்தகைய பெரிய கட்டி ஒன்றை 1872இல் மென்சல் என்பவர் விவரித்தார். நோயாளி 35 வயதுப் பெண். எலும்பாகும் நார்க்கட்டியின் முதல் பதிவு என்று மருத்துவ நூல்கள் இதையே சொல்கின்றன. அந்நாளில் அதற்கென்று தனிப் பெயர் நிலைக்கவில்லை. முகத்தை உருக்குலைக்கும் அளவுக்கு எலும்பு பருக்கும் நோய்கள் பலவற்றை பெர்லினின் ருடால்ஃப் விர்க்கோவ் 1860களில் சிங்கமுக எலும்புநோய் என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்திருந்தார். காரணம் எதுவானாலும் முகம் சிங்கத்தின் முகம்போல் அகன்றுவிட்டால் அந்தப் பெயர்தான். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. வெளித்தோற்றத்தை விட்டால் வகைப்படுத்த வேறு வழி அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை.

1927இல் மாண்ட்கொமரி எழுதிய கட்டுரையில்தான் ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்ற பெயர் வந்தது. அதைத்தான் தமிழில் எலும்பாகும் நார்க்கட்டி என்கிறோம். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பெயருக்குள் எவை அடங்கும், எவை அடங்கா என்ற எல்லை கிடைக்கவில்லை. அந்த எல்லையை வரைவதற்கு முன் வேறொரு குழப்பம் தீர வேண்டியிருந்தது.

வியன்னாவில் ஓர் அறுவை

விர்க்கோவின் 70ஆம் பிறந்தநாளையொட்டி 1891இல் வெளிவந்த மலரில் ஃபிரீட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் ஓர் எலும்புநோயை விவரித்தார். எலும்பு கரைந்து, அந்த இடத்தில் நார்த்திசுவும் நீர்ப்பைகளும் நிறையும் நோய் அது. அவர் ஒரே நோய் என்று தொகுத்தவற்றுள் உண்மையில் வேறுவேறு நோய்கள் கலந்திருந்தன என்று பின்னாளில் தெரிந்தது. ஆனாலும் அவருடைய பெயரின் செல்வாக்கு பெரிது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு, எலும்பில் நார்த்திசுவைக் கண்டவர்கள் முதலில் நினைத்தது அவர் சொன்ன நோயைத்தான்.

இதற்கிடையில் கழுத்தில் உள்ள சிறு பாராதைராய்டு சுரப்பிகளுக்கும் இந்த எலும்புநோய்க்கும் தொடர்பு உண்டு என்று தெரியவந்தது. சுரப்பி வீங்குவது எலும்புநோயை ஈடுகட்டவே என்று வியன்னாவின் யாக்கோப் எர்ட்ஹைம் கருதினார். அப்படியானால் நோயாளிக்குச் சுரப்பித் திசுவை மேலும் கொடுப்பதே மருந்து. அதே நகரின் அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டல், எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருந்த டிராம் நடத்துநர் ஒருவருக்கு முதலில் அதைத்தான் செய்தார். பயன் இல்லை. 1925இல் அந்த நோயாளியின் கழுத்தைத் திறந்து, வீங்கியிருந்த சுரப்பிக் கட்டியை அகற்றினார். நோயாளியின் வலி தணிந்தது, எலும்புகள் தேறத் தொடங்கின. சில ஆண்டுகளில் நோய் திரும்பி வந்தபோதும், காரணமும் விளைவும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை அந்த ஓர் அறுவை காட்டிவிட்டது.

தாடைக் கட்டிகளின் வரலாற்றுக்கு இந்த நிகழ்ச்சி ஏன் முக்கியம்? சுரப்பி மிகையால் வரும் எலும்புநோயைத் தனியே எடுத்து வைத்த பிறகு, எஞ்சியவை என்ன என்ற கேள்வி எழுந்தது. இரத்தத்தில் கால்சியம் இயல்பாகவே இருக்கும், ஆனாலும் எலும்பில் நார்த்திசு நிறைந்திருக்கும் நோயாளிகள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களில் சிலருக்குத் தேவையே இல்லாமல் கழுத்தில் அறுவை நடந்தது.

எஞ்சியதை அடையாளம் கண்டவர்கள் நியூயார்க்கின் மூட்டுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி ஜாஃபியும் லூயிஸ் லிக்டென்ஸ்டைனும். 1938இல் லிக்டென்ஸ்டைன் தனியாகவும், 1942இல் இருவரும் சேர்ந்தும் எழுதிய கட்டுரைகளில் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா என்ற நோய் உருப்பெற்றது. இது கட்டி அல்ல. எலும்பு முதிராமல், நாரும் பின்னலெலும்பும் (இழைகள் ஒழுங்கின்றிப் பின்னிய முதிராத எலும்பு) ஆகத் தேங்கிவிடும் வளர்ச்சிக் குறைபாடு. ஓர் எலும்பிலும் வரலாம், பல எலும்புகளிலும் வரலாம். விர்க்கோவ் சொன்ன சிங்கமுகங்களில் பல உண்மையில் இந்த நோய்தான் என்று 1945இல் ஊடுகதிரியலாளர் பியூ எடுத்துக்காட்டினார்.

ஜாஃபியின் பங்கு அதோடு நிற்கவில்லை. இரவில் வலிக்கும், ஆஸ்பிரின் தந்தால் அடங்கும் சின்னஞ்சிறு எலும்புக் கட்டியை 1935இல் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று ஐந்து நோயாளிகளை வைத்து அவர் விவரித்தார். அதன் பெரிய உறவான ஆஸ்டியோபிளாஸ்டோமாவை 1956இல் அவரும் லிக்டென்ஸ்டைனும் ஒருவரையொருவர் சாராமல் ஒரே பெயரால் அழைத்தார்கள். இவை இரண்டும் தாடையில் அரிதாகவே வருகின்றன. ஆயினும் இக்கட்டுரையின் இறுதியில் இவற்றுக்கு ஓர் இடம் உண்டு.

பிரிப்பதா, சேர்ப்பதா

ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா என்ற பெயர் பரவியதும் எதிர்த்திசையில் ஒரு தவறு தொடங்கியது. முன்பு எல்லாம் ரெக்லிங்ஹவுசன் நோயாகத் தெரிந்தன, இப்போது எல்லாம் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவாகத் தெரிந்தன. அமெரிக்க இராணுவ நோயியல் நிறுவனத்தின் ஷ்லம்பர்கர் 1946இல் தாடை நோய்களைப் பற்றி எழுதியபோது, எலும்பாகும் நார்க்கட்டியும் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவும் ஒன்றே என்ற பொருள்படத் தலைப்பையே அமைத்தார். திசுத்துண்டை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு.

ஆனால் அறுவை அறையில் இவை இரண்டும் ஒன்றல்ல. எலும்பாகும் நார்க்கட்டிக்குத் தெளிவான விளிம்பு இருக்கும். பெரும்பாலும் கீழ்த்தாடையின் முன்கடைவாய், கடைவாய்ப் பற்கள் உள்ள பகுதியில் வரும். 30, 40 வயதுக்காரர்களிடம், அதிலும் பெண்களிடம் மிகுதி. பெரிதாகும்போது தாடையின் கீழ்விளிம்பையே கீழ்நோக்கி வளைத்துவிடும். மருத்துவர் எலும்பைத் திறந்தால் சுளை கழல்வதுபோல் முழுதாகக் கழன்று வரும். ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவோ பெரும்பாலும் மேல்தாடையில், சிறுவயதில் தொடங்கும். எக்ஸ்ரே படத்தில் தேய்த்த கண்ணாடிபோல் மங்கலாகத் தெரியும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி நல்ல எலும்போடு கலந்திருக்கும். உடல்வளர்ச்சி நிற்கும்போது பெரும்பாலும் தானும் நின்றுவிடும். முன்னதை முழுதாக எடுக்க வேண்டும். பின்னதை முழுதாக எடுக்கப் போனால் முகத்தையே சிதைக்க வேண்டிவரும். வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து, துருத்தும் பகுதியைச் செதுக்கிச் சீராக்கினால் பெரும்பாலோர்க்குப் போதும்.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட்டதற்கு நோயாளிகள் கொடுத்த விலை பெரிது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவைக் கட்டி என்று கருதிப் பலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரப்பட்டது. அப்படிக் கதிர்வீச்சு பெற்ற எலும்பில் ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்றுவதை மேயோ மருத்துவமனையின் டாலினும் அவருடைய சகாக்களும் 1961இல் சுட்டிக்காட்டினார்கள். தீங்கற்ற நோய் ஒன்று அதற்குத் தரப்பட்ட சிகிச்சையினாலேயே உயிரைக் குடிக்கும் நோயாக மாறியது. வகைப்பாட்டு விவாதங்கள் நூலகத்துக்குள் மட்டும் நடப்பவை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு செய்தியை அறிய வேண்டும்.

திசுத்துண்டை வைத்தே பிரித்துவிடலாம் என்ற முயற்சியும் நடந்தது. பின்னலெலும்பு மட்டுமே இருந்தால் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா, அடுக்கடுக்காக முதிர்ந்த அடுக்கெலும்பு கண்ணில் பட்டால் அது வேறு நோய் என்று 1963இல் ரீட் ஒரு விதி வகுத்தார். கைகால் எலும்புகளுக்கு அது ஓரளவு பொருந்தியது. தாடைக்குப் பொருந்தவில்லை. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வாய்நோயியலாளர் சார்ல்ஸ் வால்ட்ரன், ஜியான்சாந்தியோடு சேர்ந்து 65 நோயாளிகளை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். தாடையின் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியா முதிரும்போது அடுக்கெலும்பும் உண்டாகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. நோயாளியின் நிலை, எக்ஸ்ரே படம் இரண்டும் இல்லாமல் திசுத்துண்டை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது என்பதை அவர் 1970 முதல் 1990கள் வரை எழுதிய கட்டுரைகளில் விடாமல் வலியுறுத்தினார். இத்துறையின் வரலாற்றில் மிக முக்கியமானவர் யார் என்று கேட்டால் நான் வால்ட்ரனைத்தான் சொல்வேன். அவர் புதிய நோய் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோயியலாளர் தன்னுடைய கருவியின் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று, நோயியலாளராக இருந்தே அவர் வாதாடினார்.

சிமென்டம் பற்றிய வழக்கு

தாடைக் கட்டிகளில் காணப்படும் உருண்டையான சுண்ண மணிகள் பல்வேரின் சிமென்டத்தை ஒத்திருக்கும். அவை சிமென்டம்தான் என்றால் கட்டி பல்லைச் சார்ந்தது, எலும்பு என்றால் எலும்பைச் சார்ந்தது. 1968இல் ஹாம்னரும் மற்றவர்களும் 249 நோயாளிகளை ஆராய்ந்து, இவை பல்சூழ் இழைநாரிலிருந்து பிறக்கின்றன என்றார்கள். அந்த எண்ணத்தின் உச்சம் 1971இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் வகைப்பாடு. கோபன்ஹேகனின் யென்ஸ் பிண்ட்போர்க்கும் லண்டனின் ஐவர் கிரேமரும் முன்னின்று உருவாக்கிய அந்த நூல், துணுக்கு வடிவம் மிகுந்தால் எலும்பாகும் நார்க்கட்டி, மணி வடிவம் மிகுந்தால் சிமென்டமாகும் நார்க்கட்டி என்று இரண்டாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்தது.

இந்தப் பிரிவு தவறானது என்றே நான் கருதுகிறேன். ஒரே கட்டியின் ஒரு மூலையில் மணிகளும் மறுமூலையில் துணுக்குகளும் இருப்பது வழக்கம். பல்லே இல்லாத சல்லடை எலும்பிலும் கண்குழியிலும் அதே மணிகள் காணப்படுகின்றன. மணியின் வடிவம் நோயாளிக்கு என்ன நேரும் என்பதைச் சொல்வதும் இல்லை. 1992இன் இரண்டாம் பதிப்பு இரண்டையும் ஒன்றாக்கியது. 2005இன் பதிப்பு சிமென்டம் என்ற அடைமொழியையே நீக்கியது. 2017இல் அது திரும்பி வந்தது. தாடையில் பல் தாங்கும் பகுதியில் மட்டும் வரும் வகையைப் பல்சார்ந்த கட்டிகளோடு சேர்த்து, சிறாரிடம் வரும் இரு வகைகளை எலும்புக் கட்டிகளோடு வைத்தார்கள். 2022இன் ஐந்தாம் பதிப்பிலும் அந்த ஏற்பாடே தொடர்கிறது. இம்முறை பிரிவுக்கு அடிப்படை மணியின் வடிவம் அல்ல, கட்டி வரும் இடம். அதனால் 1971இன் பிரிவைவிட இது வலுவானது.

சிமென்டம் பற்றிய இந்த வழக்கில் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் கட்டியே இல்லாதவர்கள். கீழ்த்தாடையின் முன்பற்களின் வேர்நுனியில் எக்ஸ்ரே படத்தில் கரும்புள்ளி தெரியும். ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் நடுவே வெண்மை தோன்றி, இறுதியில் புள்ளி முழுவதும் வெளுத்து அடர்ந்துவிடும். பல்லுக்கு உயிர் இருக்கும், வலி இராது. மேயோ மருத்துவமனையின் எட்வர்டு ஸ்டாஃப்னே 1934இலேயே இதைப் பற்றி எழுதினார். இதன் பரவலான வடிவத்தை 1976இல் மெல்ரோசும் மற்ற இருவரும் 34 நோயாளிகளைக் கொண்டு விவரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த கறுப்பினப் பெண்கள். இன்று இது சிமென்டம்-எலும்புப் பிறழ்வு எனப்படுகிறது, கட்டியாகக் கருதப்படுவதில்லை.

ஆனால் கரும்புள்ளியை வேர்நுனிச் சீழ் என்று எண்ணி, நல்ல பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்வதும் பல்லைப் பிடுங்குவதும் நடந்தன, இன்றும் நடக்கின்றன. பல்லில் உயிர் இருக்கிறதா என்ற எளிய சோதனை இதைத் தடுத்துவிடும். முதிர்ந்த நிலையில் ஆபத்து இன்னும் கூடுதல். அடர்ந்துபோன அந்தத் திரளுக்கு இரத்த ஓட்டம் குறைவு. பல்லைப் பிடுங்கியோ திசு ஆய்வுக்காக வெட்டியோ அதைத் திறந்துவிட்டால் கிருமி புகும். பிறகு ஆறாத எலும்பழற்சி. எக்ஸ்ரே படத்திலேயே நோய் தெளிவாகத் தெரிந்தால் திசுத்துண்டு எடுக்கக் கூடாது என்பது இன்றைய வழிகாட்டுதல்.

சிறுவர்களின் கட்டிகள்

இந்த வரலாற்றில் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது ஒரு கிளை. நெற்றிச் சைனசில் வந்த ஒரு கட்டியை 1938இல் பெஞ்சமின்ஸ் விவரித்தார். மூக்கிலும் சைனஸ்களிலும் வரும் மணிமணியான கட்டியை 1949இல் கோகல் என்பவர் தனிப் பெயரிட்டு எழுதினார். சிறுவர்களிடம் விரைந்து வளரும் எலும்பாகும் நார்க்கட்டி என்று ஜான்சன் 1952இல் ஒரு பெயர் தந்தார். இவற்றுள் இரு நோய்கள் கலந்திருந்தன என்பதை 2002இல் சமீர் எல்-மோஃப்டி தெளிவாக்கினார். ஒன்று 8 முதல் 12 வயதுச் சிறாரின் தாடையில், பெரும்பாலும் மேல்தாடையில் வரும் கம்பி வடிவ வகை. மற்றது சற்று வயது கூடியவர்களிடம், கண்குழியையும் சைனஸ்களையும் சுற்றி வரும் மணி வடிவ வகை. இரண்டும் விரைந்து வளர்ந்து கண்ணைத் தள்ளும், மூக்கை அடைக்கும். குழந்தையின் முகத்தில் இவ்வளவு விரைவாக வளர்வதைக் கண்டு புற்றுநோய் என்று அஞ்சுவது இயல்புதான். ஆனால் இவை வேறிடங்களுக்குப் பரவுவதில்லை. அரைகுறையாக எடுத்தால் திரும்பி வரும். நோய் திரும்புவது 30 விழுக்காடும் அதற்கு மேலும் எனப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் முதல் அறுவையிலேயே கட்டியை முழுதாக எடுப்பது முக்கியம்.

மரபணு சொன்னது

முகத்து ஆஸ்டியோமா, அதாவது முதிர்ந்த எலும்பாலேயே ஆன சிறு முடிச்சு, பெரும்பாலும் தொந்தரவு தராதது. நெற்றிச் சைனசில் தற்செயலாகக் கண்ணில் படும். ஆனால் ஒருவருக்கே பல ஆஸ்டியோமாக்கள் இருந்தால் கதை வேறு. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்த மரபியலாளர் எல்டன் கார்ட்னர், 1951 முதல் 1953 வரையிலான கட்டுரைகளில் தாடை ஆஸ்டியோமா, தோல் கட்டிகள், பெருங்குடலில் நூற்றுக்கணக்கான விழுதுகள் ஆகியவை ஒன்றாக வருவதைக் காட்டினார். குடல் விழுதுகளைக் கவனிக்காமல் விட்டால் அவை ஏறத்தாழ எப்போதும் புற்றுநோயில் முடியும். காரணமான ஏபிசி மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாடை முடிச்சுகள் குடல்நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடியவை என்பதால், எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் பல்மருத்துவர் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும்.

அதே 1991இல், ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவை ஒரு கூறாகக் கொண்ட மெக்கூன்-ஆல்பிரைட் நோயில் ஜிஎன்ஏஎஸ் மரபணுவின் திடீர்மாற்றம் தெரியவந்தது. அது உயிரணுவுக்குள் ஒரு செய்திக்கடத்தியை அணையாமல் எரிய விடுகிறது. தனித்து வரும் ஃபைப்ரஸ் டிஸ்ப்ளேசியாவிலும் அதே மாற்றம் இருப்பது சில ஆண்டுகளில் உறுதியானது. எலும்பாகும் நார்க்கட்டியில் அது இல்லை என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஷ்லம்பர்கர் ஒன்றென்று சேர்த்தவை, வால்ட்ரன் படத்தையும் வயதையும் கொண்டு பிரித்தவை, இரு வேறு நோய்களே என்று மூலக்கூறு அளவிலும் நிறுவப்பட்டுவிட்டது.

பாராதைராய்டு சுரப்பியும் எதிர்பாராத வழியில் திரும்பி வந்தது. 1958இல் சார்ல்ஸ் ஜாக்சன் அந்தச் சுரப்பியின் மிகை பரம்பரையாக வரும் ஒரு குடும்பத்தை விவரித்தார். அக்குடும்பத்தில் சிலருக்குத் தாடையில் கட்டிகளும் இருந்தன. சுரப்பி மிகையால் தாடையில் வரும் பழுப்புக் கட்டி, சுரப்பியை அகற்றினால் ஆறும். இவர்களுடைய கட்டிகள் ஆறவில்லை. ஏனென்றால் அவை எலும்பாகும் நார்க்கட்டிகள். 1990இல் ஜாக்சனும் சகாக்களும் இதைத் தனி நோய்த்தொகுதி என்று நிறுவினார்கள். 2002இல் அதன் மரபணு அடையாளம் காணப்பட்டது, இன்று அதன் பெயர் சிடிசி73. இந்நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தாடைக் கட்டி வரும். ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குப் பாராதைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வரும். பரம்பரைத் தொடர்பு இல்லாத தாடைக் கட்டிகளில் இந்த மரபணு மாற்றம் அரிதாகவே இருக்கிறது. ஆயினும் இளவயதில் எலும்பாகும் நார்க்கட்டி வந்தவருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் உள்ளவருக்கும் இரத்தத்தில் கால்சியத்தையும் பாராதைராய்டு இயக்குநீரையும் சோதிப்பது அவசியம். செலவு குறைந்த சோதனை அது.

இனி ஆஸ்டியோபிளாஸ்டோமா. தாடையில் அதற்கு ஓர் இரட்டை உண்டு. கடைவாய்ப் பல்லின் வேரோடு ஒட்டி வளரும் சிமென்டோபிளாஸ்டோமாதான் அது. திசுத்துண்டில் இரண்டையும் பிரிப்பது கடினம். கட்டி வேரோடு இணைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே படத்தில் பார்த்தே இதுவரை பெயர் சொல்லிவந்தார்கள். 2018இல் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவிலும் ஆஸ்டியோபிளாஸ்டோமாவிலும் ஃபாஸ் மரபணுவின் மறுசீரமைப்பு கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சிமென்டோபிளாஸ்டோமாவிலும் அதுவே காணப்பட்டது. அப்படியானால் இவை இரண்டும் ஒரே கட்டியின் இரு இருப்பிடங்களா? மூலக்கூறுச் சான்று ஆம் என்ற பக்கமே சாய்கிறது. ஆனால் ஒன்றை எடுக்கும்போது பல்லையும் பெரும்பாலும் சேர்த்து எடுக்க வேண்டும், மற்றதில் அப்படியில்லை. மரபணு இவ்விரண்டையும் ஒன்றாக்கினாலும் அறுவை மருத்துவருக்குப் படம் தேவைப்படுகிறது. 2022இன் வகைப்பாடு ஒவ்வொரு நோய்க்கும் நோயறிதலின் கட்டாயத் தேவைகளைத் தனியே எழுதிவைத்திருக்கிறது. தாடையின் இந்த எலும்பாக்க நோய்களுக்கான தேவைகளில் திசுத்துண்டோடு ஊடுகதிர்ப் படமும் இடம்பெற்றிருக்கிறது.